நடுப்பக்கத்தில் தொடங்கிய பிசியாலஜி

என் மனைவி ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். அவளுக்கு ஒதுக்கப்படும் பாடம் பெரும்பாலும் ஒன்றுதான். நேராகப் போட்டால் விடை வராத சமன்பாடுகளுக்கு, ஏறக்குறைய சரியான விடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அந்தப் பாடம். நான் பள்ளியில் போட்ட கணக்குகளுக்கெல்லாம் புத்தகத்தின் கடைசியில் விடை அச்சிட்டிருக்கும். அவள் நடத்தும் கணக்குகளில் முதலில் உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். அது எவ்வளவு தப்பு என்று தெரியவரும். அந்தத் தப்பின் அளவை வைத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். பொருட்படுத்த வேண்டாத அளவுக்குத் தப்பு சிறுத்ததும் நிறுத்திக்கொள்ளலாம். எந்த அளவில் நிறுத்துவது என்பதைக் கணக்கைத் தொடங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்வாளாம். வீட்டிலும் சொல்வாள்.

நான் நாளிதழ் ஒன்றில் மாலை ஷிஃப்டு பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவது வேலை. பகலில் வீட்டில் இருப்பவன் நான் என்பதால் மந்தைவெளி மார்க்கெட்டும் அடுப்படியும் என் வசம். சாப்பாட்டு மேஜையில் யார் என்ன பேசினாலும் அடுப்படிக்குக் கேட்கும்படி கட்டப்பட்ட வீடு எங்களுடையது. இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அந்த மேஜையில் நடந்தது.

மகள் மருத்துவக் கல்லூரியில் முதல் வருடப் பரீட்சை எழுதினாள். அனாடமியிலும் பயோகெமிஸ்ட்ரியிலும் தேறிவிட்டாள். பிசியாலஜியில், அதாவது ஒவ்வொரு உறுப்பும் எப்படி வேலை செய்கிறது என்கிற பாடத்தில், தேறவில்லை. தேறாதவர்களுக்குச் சீக்கிரமே இன்னொரு பரீட்சை வைப்பார்கள். மாணவர்கள் அதை சப்ளி என்கிறார்கள். சப்ளியில் தேறினால் கூடப் படித்தவர்களோடு இரண்டாம் வருடத்தைத் தொடரலாம். இல்லையென்றால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு முதல் வருட வகுப்பிலேயே மறுபடி உட்கார வேண்டும். மகளுக்கு அதைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. 'ஜூனியர்' என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை என்று ஓர் ஏற்பாடு தானாகவே உண்டாகிவிட்டது.

அவள் படிக்காதவள் என்று யாரும் சொல்ல முடியாது. படித்த விதம்தான் விசித்திரம். பிசியாலஜி புத்தகத்தை எப்போதும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவாள். முதல் அத்தியாயம் செல். மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டே வாசிப்பாள். அடுத்த தேர்வு வந்தால் மறுபடி முதல் பக்கம், அதே வரிகளின் மேல் பச்சை. அதற்கடுத்த தேர்வுக்கு இளஞ்சிவப்பு. இவற்றுக்கு ஃபர்ஸ்ட் ரீடிங், செகண்ட் ரீடிங், தேர்ட் ரீடிங் என்று பெயர். அவள் பாதிப் புத்தகம் தாண்டும்போது தேர்வு வந்துவிடும். செல்லைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஹார்மோன்களையும் மூளையையும் தேர்வுக்கு முந்தின நாள் அவசரமாகப் பார்த்துவிட்டு வருவாள், ரயிலைப் பிடிக்கப் போகிற வழியில் உறவினர் வீட்டில் தலையைக் காட்டுவது போல.

மூடிய புத்தகத்தின் ஓரத்தைப் பார்த்தாலே இது தெரிந்தது. முன்பாதி கைபட்டு அழுக்கேறித் தாள்கள் உப்பியிருக்கும். பின்பாதி கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த வெள்ளை. நடுவில் திறந்து படித்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் என்றாள். பேஸிக் தெரியாமல் மேலே போகக் கூடாதாம்.

அவளோடு பிசியாலஜியில் தேறாத இன்னொரு பெண் அவளுக்கு நெருங்கிய தோழி. பட்டினப்பாக்கத்துப் பெண். அவள் அம்மாவுக்குக் கடலோரத்தில் மீன் வியாபாரம், அப்பா படகுக்குப் போகிறவர். வீட்டில் தம்பிகள் இருவர் டிவியைப் பங்கு போட முடியாமல் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று கல்லூரி விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் படிக்கும் விதம் என் மகளுக்கு நேர் எதிர். புத்தகத்தைத் திறப்பதே இல்லை. பழைய கேள்வித்தாள்களைச் சீனியர்களிடமிருந்து சேகரித்து, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு மட்டும் பதிலை நெட்டுருப் போடுவாள். அதுவும் உட்கார்ந்து இல்லை. எங்கள் மொட்டை மாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே உரக்கச் சொல்வாள். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் என்னை நிறுத்தி, மேலே அந்தப் பெண் யாரைத் திட்டுகிறது என்று கேட்டார். இதய வால்வுகளைப் பற்றிச் சொல்கிறது என்றேன். அவருக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அவர் புகார் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி மகளின் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் பாடத்தில் ஒரு முறை உண்டு. ஓர் இடத்தில் கணக்கு கூடுதலாகவும் இன்னோர் இடத்தில் குறைவாகவும் வந்தால், விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சரியாக நடுவில் சோதித்துப் பார்த்தால் அது எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கலாம். நாலைந்து தடவைக்குள் விடையின் வாசலுக்கு வந்துவிடலாம்.

"முதல் பக்கம் உனக்குத் தெரியும். கடைசிப் பக்கம் தெரியாது," என்றாள் மகளிடம். "அப்போ நடுவுல எங்கயோ தெரிஞ்சது தெரியாததா மாறுது. அந்த இடத்தைக் கண்டுபிடிச்சிட்டா, அங்கேருந்து ஆரம்பிக்கலாம்."

நடுப்பக்கத்தைத் திறந்தாள். நுரையீரல். ரத்தம் ஆக்சிஜனை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று கேட்டாள். மகள் சரளமாகச் சொன்னாள். பின்பாதியின் நடுவுக்குப் போனாள். தைராய்டு. மகள் விழித்தாள். இரண்டுக்கும் நடுவே குடல். தெரியவில்லை. அதற்கும் முன்னால் சிறுநீரகம். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. அடுப்பில் சாம்பார் கொதி வருவதற்குள் மனைவி இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நுரையீரல் முடியும்வரை தெரியும். சிறுநீரகத்தில் தொடங்கினால் போதும்.

மகளின் முகத்தில் அன்று ஒரு நிம்மதி தெரிந்தது. முதல் பக்கத்துக்குப் போக வேண்டாம் என்று யாரோ பொறுப்பேற்றுச் சொன்னது அவளுக்கு அதுவே முதல் தடவை. அன்று மத்தியானமே சிறுநீரகத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரமும் அடுத்து வந்த வாரங்களும் வீடு நன்றாக இருந்தது. புத்தகத்தின் வெள்ளைப் பகுதி மெல்ல மெல்லப் பழுப்பேறியது. அவள் பாடிக்கொண்டே குளிக்கப் போனாள். மனைவி கல்லூரிக்குக் கிளம்பும்போது, என்ன பெரிய மெடிக்கல், எல்லாம் கணக்குதான் என்று செருப்பை மாட்டியபடியே சொல்லிவிட்டுப் போனாள்.

சப்ளிக்கு முன்னால் கல்லூரியில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். மாலையில் மகள் வந்து பையைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு அன்று விடுமுறை. மனைவியும் அப்போதுதான் வந்திருந்தாள். பெரிய கேள்வி இதயத்திலிருந்து வந்திருக்கிறது. ஒரே ஒரு துடிப்பின்போது இதயத்துக்குள் வரிசையாக என்னென்ன நடக்கிறது என்று விவரிக்க வேண்டும். மகள் ஒரு படம் வரையத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு, மற்ற கேள்விகளை எழுதியிருக்கிறாள். அந்த ஒரு கேள்வியும், அதையொட்டி வந்த இரண்டு சின்னக் கேள்விகளும் போனதில் தேர்ச்சிக் கோட்டைத் தொட முடியாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

"இதயம் நுரையீரலுக்கு முன்னாடிதானே வருது?" என்றாள் மனைவி.

ஆமாம் என்றாள் மகள்.

மனைவி புத்தகத்தை எடுத்து ஓரத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நானும் பார்த்தேன். அழுக்கேறிய முன்பாதிக்கு நடுவில், விரல் தடிமன்கூட இல்லாத ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது. அந்த இடத்தில் திறந்தால் இதயம். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல கோடுகள் ஏறி இறங்கும் ஒரு பெரிய வரைபடம். அதற்கு முன்னும் பின்னும் சில பக்கங்களில் மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்தாலே தலை சுற்றும் என்று மகள் சொன்னாள். ஒவ்வொரு ரீடிங்கிலும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நுரையீரலுக்குத் தாவிவிடுவாளாம்.

மனைவி புத்தகத்தை மூடி வைத்தாள். "ஒரே ஒரு இடத்துலதான் மாறும்னு நானா வச்சுக்கிட்டேன்," என்றாள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, மறுபடி தெரிந்ததற்கு, மறுபடி தெரியாததற்கு என்று பலமுறை மாறக்கூடிய ஒன்றில் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டு போனால் ஏதோ ஓர் இடம் கிடைக்கும். மற்ற இடங்கள் இருப்பதே தெரியாது. முறையைத் தொடங்குவதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே சொல்கிறவள் அவள்.

"உன் ஸ்டூடண்ட் இப்படிப் பண்ணியிருந்தா எவ்ளோ மார்க் போடுவ?" என்று மகள் கேட்டாள்.

"ஸ்டெப்புக்கு ரெண்டு."

வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்போம். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

மறுநாள் காலை மேஜையில் அது முதல் பக்கத்தில் திறந்து கிடந்தது. மகளின் கையில் புது நிற மார்க்கர், ஊதா. சப்ளிக்கு இருந்த நாட்களில் அந்த வேகத்தில் போனால் அவள் மறுபடி பாதியில்தான் நிற்பாள் என்பது கணக்குத் தெரியாத எனக்கே தெரிந்தது. மனைவி கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று, செல் உனக்குத் தெரியும், அதைத் தொடாதே என்றாள்.

"தெரியும்னு நீ சொல்ற," என்றாள் மகள், தலையைத் தூக்காமல். "போன தடவையும் நீதான் சொன்ன."

மனைவி செருப்பை மாட்டினாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அதன் பிறகு பல நாட்கள் அவள் வாயிலிருந்து 'மெத்தட்' என்ற சொல்லை நான் கேட்கவில்லை.

தோழி அன்று சீக்கிரமே வந்தாள். வந்ததும் மகளின் தோள்வழியே புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மச்சி, மறுபடி செல்லா? அது உன்ன வுட்டுட்டு எங்கியும் ஓடாது. வுடு."

அவளும் மாதிரித் தேர்வில் தேறியிருக்கவில்லை. அவள் கதை வேறு. இதயக் கேள்வியை அவள் பிரமாதமாக எழுதிவிட்டாள். சீனியர்கள் அது வராமல் போகாது என்று சொல்லியிருந்ததால், அந்த வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். சிறுநீரகத்தில்தான் விழுந்தாள். அவர்கள் ஒன்று கேட்க, இவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த இன்னொன்றை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். "கேள்வி வேற, பதில் வேற அங்கிள். ஆனா பதில் மட்டும் சூப்பர்," என்று அடுப்படியில் என்னிடம் வடையை வாங்கிக்கொண்டே சொன்னாள்.

இருவரும் மேஜையில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தோழி இதயத்தையும் அதைச் சேர்ந்தவற்றையும் இந்த முறை புத்தகத்தில் படிப்பது. மகள் சிறுநீரகத்தையும் ஹார்மோன்களையும் முடிப்பது. சனிக்கிழமை சனிக்கிழமை உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது. மகள் அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டாள். மற்றவர் படித்துச் சொல்வதை நம்பித் தேர்வுக்குப் போவது அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் முதல் பக்கத்தை மூடிவிட்டாள்.

முதல் சனிக்கிழமை சண்டையில் முடிந்தது. விஷயம் இதுதான். உடம்பில் ரத்த அழுத்தம் குறைந்துவிட்டால் என்ன ஆகும் என்ற இடத்தில் இதயமும் சிறுநீரகமும் சந்திக்கின்றன. ஒன்று செய்வதைப் பொறுத்து இன்னொன்று தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. மகள் சிறுநீரகத்தைக் கச்சிதமாகப் படித்திருந்தாள். ஆனால் அழுத்தம் குறைந்தால் இதயமும் மெதுவாக அடிக்கும் என்று தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு, அதன்மேல் மற்றதைக் கட்டியிருந்தாள். தோழி இதயம் வேகமாக அடிக்கும் என்பதைச் சரியாகப் படித்திருந்தாள். ஆனால் சிறுநீரகம் அப்போது தண்ணீரை நிறைய வெளியே விட்டுவிடும் என்று ஒரு நினைப்பு. இருவரும் மாற்றி மாற்றிக் குரலை உயர்த்தினார்கள். கடைசியில் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள். தத்தம் உறுப்பைப் பற்றி இருவரும் சரி. மற்றவளுடையதைப் பற்றி இருவரும் தப்பு. ஒரு வாரம் முழுக்க ஆளுக்கொரு தப்பை வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். எழுதிய குறிப்புகளில் பாதியை அடிக்க வேண்டியிருந்தது.

தோழிதான் முதலில் பேசினாள். "திங்கக்கெழமயே நீ சொல்லிருந்தா நான் வாரம் பூரா தப்பு தப்பா படிச்சிகினு இருந்திருக்க மாட்டேன்ல. சனிக்கெழம வரைக்கும் இன்னாத்துக்கு வெயிட் பண்ணணும்? படிச்ச ஒடனே வாய்ஸ் போடு மச்சி."

அப்படித்தான் வாய்ஸ் நோட்டுகள் வரத் தொடங்கின. ஒரு பக்கம் படித்ததும், அதை வைத்துக்கொண்டு மற்றவளின் உறுப்பு என்ன செய்யும் என்று உத்தேசமாகச் சொல்லிப் போனில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்பது தோழி போட்ட விதி. வந்ததைக் கேட்டவள் உடனே திருத்தி அனுப்ப வேண்டும். திருத்தம் வந்ததும் அதையே வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்.

உத்தேசமாகச் சொல்வதில் மகளுக்கு உடன்பாடில்லை. டாக்டர்கள் ஊகித்துப் பேசக் கூடாது, தெரியாவிட்டால் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும் என்று வாதாடினாள். தோழி சிரிக்காமல் கேட்டாள்: "பேஷண்ட் இன்னும் வரவே இல்லியே. இப்ப நீ தப்பா சொன்னா யாரு சாவப்போறா?"

மறுநாள் முதல் ஊகங்கள் கிளம்பின.

மகள் அவற்றை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள் என்பதால் நானும் கேட்டேன். தோழியின் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது சத்தம் இருக்கும். சில சமயம் அலை, சில சமயம் பஸ் ஹாரன், சில சமயம் அவள் அம்மா வாடிக்கையாளரிடம் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிப் பேசுவது. அதற்கு நடுவில் அவள்: "மச்சி, பிரஷர் எறங்கனா கிட்னி தண்ணிய வெளிய வுடாது. புடிச்சி வச்சிக்கும். கரெக்டா?" மகள் பதில் அனுப்புவாள்: "கரெக்ட். ஆனா மொதல்ல உப்பைப் பிடிக்கும். தண்ணி உப்புக்குப் பின்னாடி வரும்."

முதலில் வந்தவற்றில் திருத்தம் ஊகத்தைவிட நீளமாக இருந்தது. மகள் இதயத்தைப் பற்றிச் சொன்ன ஓர் ஊகத்துக்குத் தோழி அனுப்பிய மறுப்பைக் கேட்டு முடிப்பதற்குள் நான் ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து முடித்துவிட்டேன். போகப்போக அவை சுருங்கின. ஒரு வாக்கியம் திருத்தினால் போதும் என்றானது. பிறகு ஒரு சொல். வரிசையில் மூன்றாவதாக வர வேண்டியதை இரண்டாவதாகச் சொல்லிவிட்டாய் என்கிற அளவில் வந்து நின்றது. நாட்கள் நெருங்கியபோது பல பதில்கள் வெறும் 'ம்' ஆகிவிட்டன. அந்த 'ம்' கேட்டதும் மகள் பக்கத்தைத் திருப்புவாள். வெள்ளைப் பட்டையாக இருந்த இதயப் பக்கங்களில் அவள் மார்க்கர் எதையும் போடவில்லை. வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் தோழி சொன்னதைச் சின்னதாக எழுதிக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு மனைவி அடுப்படி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மேஜையிலிருந்து இரண்டு குரல்களும் மாறி மாறி வந்தன. துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இதுங்க ரெண்டாவது மெத்தடுக்கு வந்துடுச்சுங்க," என்றாள் மெதுவாக.

என்ன என்று கேட்டேன். ஒன்றையொன்று சார்ந்த இரண்டு மூன்று சமன்பாடுகள் இருந்தால், எல்லாவற்றுக்கும் உத்தேச விடை போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றித் திருத்த வேண்டுமாம். அதில் இரண்டு வழி. ஒரு சுற்று முழுவதும் பழைய எண்களையே வைத்துக்கொண்டு, சுற்று முடிந்தபின் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவது ஒன்று. ஒரு புது எண் கிடைத்த கணமே அதை அடுத்த வரியில் பயன்படுத்திவிடுவது இன்னொன்று. பெரும்பாலான கணக்குகளில் இரண்டாவது சீக்கிரம் முடியும். சனிக்கிழமை ஏற்பாடு முதல் வழி. வாய்ஸ் நோட்டு இரண்டாவது.

"அவங்ககிட்ட சொல்லேன்," என்றேன். "சந்தோஷப்படுவாங்க."

"வேணாங்க. நான் சொன்னா அது என்னோட கணக்கு ஆயிடும். இப்ப அது அவங்களோடது." தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி துருவ ஆரம்பித்தாள். சற்றுக் கழித்து, "பெரும்பாலான கணக்குலன்னுதான் சொன்னேன். எல்லாத்துலயும் இல்ல," என்றாள்.

சப்ளியின் எழுத்துத் தேர்வைப் பற்றித் தோழிகள் இருவரும் அதிகம் பேசவில்லை. எழுதியதைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். வாய்மொழித் தேர்வு நடந்த நாள் மகள் வீட்டுக்கு வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வெளியூரிலிருந்து வந்த பெண் பேராசிரியர் ஒருவர் தேர்வாளர். விபத்தில் ஒருவருக்கு நிறைய ரத்தம் போய்விட்டது, உடம்பு என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறார். மகள் சிறுநீரகத்தில் தொடங்கியிருக்கிறாள். ஒரு வாக்கியம் சொன்னதும் நிறுத்தி, இல்லை மேடம், அதற்கு முன்னால் இதயம் என்று பின்வாங்கியிருக்கிறாள். இதயத்தைச் சொல்லிக்கொண்டு வரும்போது ரத்தக் குழாய்களை விட்டுவிட்டது உறைத்து, அதைச் சேர்த்துக்கொண்டு மறுபடி சிறுநீரகத்துக்கு வந்திருக்கிறாள். தேர்வாளர் இடையில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், நான் திருத்த வேண்டியதையெல்லாம் நீயே திருத்திக்கொண்டாய் என்று மட்டும் சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். அது நல்லதா கெட்டதா என்று மகளுக்குத் தெரியவில்லை. எங்களிடம் கேட்டாள். எங்களுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு காத்திருந்த நாட்களில் அவளை உறுத்தியது தன்னுடைய முடிவு மட்டும் இல்லை. இருவரில் ஒருத்தி தேறி ஒருத்தி தேறாவிட்டால் என்ன செய்வது என்பதும் சேர்ந்துகொண்டது. இதை அவள் தோழியிடம் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "நீ பாஸாயிட்டின்னா ஒயுங்கா கிளாசுக்குப் போ," என்றாள் தோழி. "சாயங்காலம் வந்து எனுக்கு செல் சொல்லிக்குடு. அதான் உனுக்கு நல்லா வருமே." மகள் அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். ஆனால் இருவருமே அதற்கப்புறம் கொஞ்ச நேரம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிவு ஒரு வேலைநாளில், மத்தியானச் சாப்பாட்டின் நடுவே வந்தது. மகள் ரசத்தில் கை வைத்திருந்தாள். போன் ஒலித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. பிறகு, "நீ?" என்று கேட்டாள். பதில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

இருவரும் தேறியிருந்தார்கள். எழுத்துத் தேர்வில் தோழிக்கு என் மகளைவிடக் கூடுதல் மதிப்பெண். வாய்மொழியில் மகள் முந்தியிருந்தாள். மகள் தேறியது நூலிழையில்தான்.

"என்கிட்ட கேட்டுக் கேட்டுப் படிச்சிட்டு என்னைவிட ஜாஸ்தி வாங்கிட்ட இல்ல?" என்றாள் மகள்.

"நீ சொன்னததான் மச்சி எழுதனேன்," என்றது போன். "நீ ஏன் எழுதல?"

மகள் சிரித்ததில் ரசம் மேஜைத்துணியில் தெறித்தது. நான் துடைத்தேன். மறுமுனையில் தோழியின் அம்மா போனைப் பிடுங்கி, "சார், ரெண்டும் பாஸ் ஆயிட்சாம், தெரியுமா உங்களுக்கு?" என்று உரத்த குரலில் கேட்டார். தெரியும் என்றேன். தெரியாதது போல அவர் மறுபடி ஒருமுறை சொன்னார். நானும் மறுபடி கேட்டுக்கொண்டேன்.

மனைவிக்குப் போன் செய்தேன். வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். மணியடித்த பிறகுதான் கூப்பிட்டாள். பின்னணியில் மாணவர்களின் இரைச்சல். எத்தனை மார்க் என்று கேட்டாள். சொன்னேன். ரொம்ப நெருக்கத்தில் தப்பித்திருக்கிறாள் என்றாள். பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல், மத்தியானம் என்ன சமையல் என்று கேட்டாள். அன்று நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். மனைவி மாலையில் வரும்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் இறங்கி ஒரு பெட்டி நெய் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தாள். மகளிடம் நேராகக் கொடுக்காமல் மேஜையின் நடுவில் வைத்தாள். மகள் பெட்டியைத் திறந்து முதல் துண்டை அவள் வாயில் போட்டாள்.

இரண்டு பேருக்குமே இரண்டாம் வருட வகுப்புகள் கொஞ்சம் தவறியிருந்தன. திங்கட்கிழமை முதல் ஒழுங்காகப் போக வேண்டும். அன்று காலை கத்திரிக்காய் வாங்க இறங்கிய நான் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர்களைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டுகள் இரண்டும் மடிந்து தோழியின் ஒரு கையில் தொங்கின. மற்றொரு கையால் அவள் என் மகளின் மூக்குக்கு நேரே விரலை நீட்டி ஏதோ மறுத்துக்கொண்டிருந்தாள். கிருமி என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. மகள் தலையை ஆட்டி ஒத்துக்கொள்ள மறுத்தாள். வடக்கே போகும் பஸ் வந்தது. முதலில் ஏறியவள் படியிலேயே திரும்பி நின்று பேச, பின்னால் நின்றவர்கள் உள்ளே போகச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். பஸ் புறப்பட்ட பிறகும் ஜன்னலில் இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்தபடியே போயின.